எவ்வளவு தூரம் போதும் என்று யார் முடிவு செய்வது?

இது கொஞ்சம் நீளமான பதிவு. பேட்டரியில் ஓடும் மூன்று சக்கர வண்டியோ சக்கர நாற்காலியோ வைத்திருக்கும் மாற்றுத்திறனாளி உங்கள் வீட்டில் இருந்தால் கடைசிவரை படியுங்கள். முழங்கால் தேய்ந்துபோய் அப்படி ஒரு வண்டி வாங்கலாமா என்று யோசிக்கும் பெரியவர் இருந்தாலும் படியுங்கள். யாரும் இல்லாவிட்டாலும் படியுங்கள், நாளைக்கு நமக்கே தேவைப்படலாம். முப்பத்திரண்டு வருஷம் இயற்பியல் நடத்தியவன் என்பதால் நடுவில் கொஞ்சம் கணக்கு வரும். பரீட்சை கிடையாது, பயப்பட வேண்டாம்.

போன மழைக்காலத்தில் ஒரு ராத்திரி. பத்தே முக்கால் இருக்கும். பழைய மாணவன் ஒருவனிடமிருந்து போன். பெயர் வேண்டாம். சின்ன வயதில் போலியோ வந்து இரண்டு காலும் பாதிக்கப்பட்டவன். இப்போது நாற்பதைத் தாண்டிவிட்டான். கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் ஒரு கம்பெனியில் ஸ்டோர்ஸ் கணக்கு எழுதுகிறான். கிழக்கே ஏழு கிலோமீட்டரில் அவன் கிராமம். நலத்திட்ட உதவியாகக் கிடைத்த பேட்டரி மூன்று சக்கர வண்டியில்தான் வேலைக்குப் போய் வருகிறான்.

"சார், வண்டி நின்னுடுச்சு. வீட்டுக்கு இன்னும் ரெண்டு கிலோமீட்டர் இருக்கு. தம்பி போன் எடுக்கலை. டிப்பர் லாரிங்க போயிட்டே இருக்கு. லைட்டும் அணைஞ்சிடுச்சு சார், நான் இருக்கிறதே அவங்களுக்குத் தெரியாது."

அந்தக் கடைசி வாக்கியம்தான் என்னை எழுப்பியது. வண்டியை ஓட்டும் பேட்டரியும் விளக்கை எரிக்கும் பேட்டரியும் ஒன்றுதான். பேட்டரி தீர்ந்தால் வண்டி நிற்பது மட்டுமல்ல, இருட்டில் ஆளும் காணாமல் போகிறான். நான் இருப்பது பொன்னேரியில். பக்கத்து வீட்டு ஆட்டோக்காரரை எழுப்பிக்கொண்டு போய்ச் சேர்ந்தபோது பதினொன்றரை. மழையில் நனைந்துகொண்டு, செல்போன் டார்ச்சைக் கையில் உயர்த்திப் பிடித்தபடி உட்கார்ந்திருந்தான்.

அன்றைக்கு நான் சொன்னதை நினைத்தால் இன்றைக்கும் வெட்கமாக இருக்கிறது. "ஏன்ப்பா, அந்த வண்டி ஊருக்குள்ள ஓட்டத்தானே. ஷிஃப்டை மாத்திக் கேளு, இல்லைன்னா பக்கத்துல வேற வேலை பாரு" என்றேன். அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு மெதுவாகக் கேட்டான்: "உங்க பைக்ல பெட்ரோல் தீர்ந்தா நீங்க வேலையை விட்டுடுவீங்களா சார்?"

பதில் சொல்ல முடியவில்லை. அந்தக் கேள்விக்குப் பதில்தான் இந்தப் பதிவு.

முதலில் கணக்கு. அவன் வண்டியில் 12 வோல்ட், 24 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரி இரண்டு இருக்கின்றன. தொடரிணைப்பில் 24 வோல்ட். 24 வோல்ட்டை 24 ஆம்பியர்-மணியால் பெருக்கினால் 576 வாட்-மணி, அதாவது அரை யூனிட்டுக்குச் சற்று அதிகம். மோட்டார் 250 வாட். மணிக்கு 12 கிலோமீட்டர் வேகத்தில் போனால் கிலோமீட்டருக்குச் சுமார் 21 வாட்-மணி செலவு. 576-ஐ 21-ஆல் வகுத்தால் 27 கிலோமீட்டர் வருகிறது. விளம்பரத் தாளில் 25 கிலோமீட்டர் என்று போடுகிறார்கள். பொய் என்று சொல்ல முடியாது. ஆனால் அது தாளில் ஓடும் வண்டி.

ரோட்டில் ஓடும் வண்டியின் கதை வேறு. ஈய-அமில பேட்டரிமேல் எழுதியிருக்கும் ஆம்பியர்-மணி பெரும்பாலும் இருபது மணி நேரம் மெதுவாக வடித்தால் கிடைக்கும் அளவு. 24 ஆம்பியர்-மணி என்றால் 1.2 ஆம்பியர் வீதம். இந்த மோட்டாரோ பத்து ஆம்பியர் இழுக்கிறது. வேகமாக இழுத்தால் ஈய பேட்டரி முழுசாகத் தராது. பதினாறு ஆம்பியர்-மணி அளவுக்குக் கொடுத்தால் பெரிது. பானையைச் சட்டென்று கவிழ்த்தால் கஞ்சியில் பாதி பானையிலேயே ஒட்டிக்கொள்ளும் அல்லவா, அதுபோல. ஆக 27 கிலோமீட்டர் 18 ஆகிறது. அதிலும் கடைசிச் சொட்டுவரை தினமும் வடித்தால் பேட்டரி இருநூறு, முந்நூறு தடவைக்குள் சோர்ந்துவிடும். பாதியோடு நிறுத்திச் சார்ஜ் போட்டால் ஏறக்குறைய இரண்டு மடங்கு உழைக்கும். பாதி என்றால் ஒன்பது கிலோமீட்டர். அவனுக்குத் தேவை பதினான்கு.

அதாவது, அந்த வண்டியைக் கெடுக்காமல் ஓட்ட வேண்டும் என்றால் அவன் வேலைக்குப் போய்த் திரும்பி வர முடியாது. வேலைக்குப் போய்த் திரும்பி வர வேண்டும் என்றால் வண்டியைக் கெடுத்தே ஆக வேண்டும். பத்து மாதம் அப்படி ஓட்டினான். மேலே நம் திருவள்ளூர் மாவட்டத்து வெயில் வேறு. கம்பெனியில் தகரக் கொட்டகைக்குக் கீழே நிறுத்துகிறான். வெப்பம் பத்து டிகிரி கூடினால் ஈய பேட்டரியின் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும் என்பது அந்தத் துறையில் எல்லாரும் அறிந்த கணக்கு. பதினொன்றாவது மாதம், மழை ராத்திரியில், பன்னிரண்டாவது கிலோமீட்டரில் நின்றுவிட்டது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. முதல் நாளே ஒரு பேப்பரில் போட்டிருந்தால் தெரிந்திருக்கும். யாரும் போடவில்லை, அவனுக்குப் பாடம் நடத்திய நான் உட்பட.

"அரசு பெட்ரோல் ஸ்கூட்டர் தருகிறதே, அதை வாங்கக் கூடாதா?" என்று சிலர் கேட்பீர்கள். பின்னால் இரண்டு இணைப்புச் சக்கரம் வைத்த அந்த ஸ்கூட்டர் நல்ல திட்டம்தான். பல ஆயிரம் பேரின் வாழ்க்கையை மாற்றியிருக்கிறது. ஆனால் எல்லாராலும் அதில் ஏறி உட்கார முடியாது. முதுகுத்தண்டு அடிபட்டவர்கள், தசைச்சிதைவு நோய் உள்ளவர்கள், கைவலு குறைந்தவர்கள் இருக்கிறார்கள். பெட்ரோல் விலையும் இருக்கிறது. பேட்டரி வண்டிக்கு ஒரு முழுச் சார்ஜ் ஒரு யூனிட்டுக்குள்தான். வீட்டு மின்சாரத்தில் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட் இலவசம் என்னும் தமிழ்நாட்டில் அந்தச் செலவு கண்ணுக்கே தெரியாது.

சரி, கதைக்கு வருகிறேன். நான் கைவிரித்த பிறகு அவன் தானே ஒரு வழி தேடினான். இன்வெர்ட்டர் ரிப்பேர் பார்க்கும் ஒரு கடையில் யுபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய பழைய பேட்டரி இரண்டை மலிவாகக் கொடுத்து, சீட்டுக்கு அடியில் வைத்து, மெல்லிய ஒயரில் இணைத்துக் கொடுத்திருக்கிறார்கள். ஃபியூஸ் கிடையாது. இரண்டு வாரம் நன்றாக ஓடியிருக்கிறது. ஒருநாள் பிளாஸ்டிக் கருகும் வாசனை. கீழே பார்த்தால் ஒயரின் தோல் உருகி, இரும்புச் சட்டத்தில் ஒட்டியிருக்கிறது. அவன் உட்கார்ந்திருக்கும் இடத்துக்கு நேர் கீழே.

இதைச் சொன்னபோதுதான் எனக்குப் புத்தி வந்தது. தேவை இருக்கிறவன் எப்படியும் செய்வான். "செய்யாதே" என்று சொல்வது பாதுகாப்பு ஆகாது. சரியாகச் செய்வது எப்படி என்று சொல்லிக் கொடுப்பதே பாதுகாப்பு. அதற்குப் பிறகு நானும் அவனும், அவன் கம்பெனியில் எலக்ட்ரீஷியனாக இருக்கும் நண்பரும் உட்கார்ந்து செய்தோம். செய்ததை அப்படியே எழுதுகிறேன். யாருக்காவது பயன்படும்.

பேட்டரி வாங்கும் முன்னால் காசு செலவில்லாத வேலைகளை முடித்தோம். டயரில் காற்று பாதிதான் இருந்தது. பிரேக் ஒரு சக்கரத்தில் உரசிக்கொண்டே இருந்தது. பேட்டரி முனைகளில் வெள்ளையாகப் பூத்திருந்தது. இவற்றைச் சரிசெய்ததிலேயே ஒன்றிரண்டு கிலோமீட்டர் கூடியது. பேட்டரி வண்டி வைத்திருப்பவர்கள் வாரம் ஒருமுறை காற்று பாருங்கள். இதைவிட மலிவான கூடுதல் பேட்டரி உலகத்தில் கிடையாது.

அடுத்தது, பத்தாம் வகுப்புப் பாடம். பேட்டரியைத் தொடரிணைப்பில் சேர்த்தால் வோல்ட் கூடும். பக்க இணைப்பில் சேர்த்தால் ஆம்பியர்-மணி கூடும். வோல்ட் கூடினால் வேகம் கூடும். 24 வோல்ட் வண்டிக்கு மூன்றாவது பேட்டரியைத் தொடரில் சேர்த்து 36 ஆக்கிக் கொடுக்கும் ஆட்கள் இருக்கிறார்கள். கன்ட்ரோலர் எரியும், இல்லையென்றால் வண்டி பாய்ந்து ஆள் விழுவான். சட்டச் சிக்கலும் உண்டு. மோட்டாரின் முப்பது நிமிடத் திறன் 0.25 கிலோவாட்டுக்குக் குறைவாகவும் உச்ச வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்குக் குறைவாகவும் இருந்தால்தான் பேட்டரி வண்டியை மத்திய மோட்டார் வாகன விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதாது. வேகத்தைக் கூட்டினால் அந்தக் கோட்டைத் தாண்டுவீர்கள். பக்க இணைப்பில் பேட்டரி சேர்த்தால் மோட்டாரும் மாறவில்லை, வேகமும் மாறவில்லை. தூரம் மட்டும் கூடுகிறது.

ஆகவே, 24 வோல்ட்டாகத் தொடரில் கட்டிய இன்னொரு ஜோடியைப் பழைய ஜோடிக்குப் பக்கத்தில் இணைக்க வேண்டும். இங்கே ஒரு முக்கியமான விஷயம். பழசையும் புதுசையும் ஒன்றாகக் கட்டக் கூடாது. வலுவுள்ளது வலுவற்றதுக்குள் மின்னோட்டத்தைத் தள்ளிக்கொண்டே இருக்கும். இரண்டும் சூடாகி இரண்டும் கெடும். நான்கும் ஒரே கம்பெனி, ஒரே அளவு, ஒரே சமயம் வாங்கியவையாக இருக்க வேண்டும். கட்டும் முன்னால் இரண்டு ஜோடியையும் தனித்தனியே முழுச் சார்ஜ் செய்து, வோல்ட் சமமாக இருக்கிறதா என்று மீட்டரில் பார்க்க வேண்டும். நான்கும் வாங்கக் காசில்லை, பழைய ஜோடியில் உயிர் இருக்கிறது என்றால் பக்க இணைப்பே வேண்டாம். ஒரு மாற்றுச் சுவிட்ச் வைத்து, ஒரு ஜோடி தீர்ந்ததும் அடுத்த ஜோடிக்கு மாறிக்கொள்ளலாம். பழைய மோட்டார் சைக்கிளில் ரிசர்வ் திருப்புவது போலத்தான்.

ஒவ்வொரு ஜோடிக்கும் தனி ஃபியூஸ், பாசிட்டிவ் முனைக்குப் பக்கத்திலேயே. நாங்கள் 40 ஆம்பியர் போட்டோம். ஒயர் 6 சதுர மில்லிமீட்டர் செம்பு. ஒரு ஜோடியின் பாசிட்டிவிலிருந்தும் மற்ற ஜோடியின் நெகட்டிவிலிருந்தும் மோட்டாருக்கு எடுத்தால் இரண்டு ஜோடியும் பாரத்தைச் சமமாகச் சுமக்கும். கூடுதல் ஜோடியின் எடை பதினாறு கிலோ. அதைப் பின் சக்கரங்களுக்கு நடுவே, எவ்வளவு தாழ்வாக முடியுமோ அவ்வளவு தாழ்வாக, ஆடாமல் பெட்டி கட்டி வைத்தோம். வண்டி எத்தனை கிலோ தாங்கும் என்று தகட்டில் போட்டிருக்கும். ஆள் எடையோடு இந்தப் பதினாறையும் கூட்டிப் பாருங்கள். ஓரத்தில் தொங்கவிட்டால் வளைவில் கவிழும்.

பலன்? இங்கேதான் ஈய பேட்டரியின் ஒரு நல்ல குணம் தெரிந்தது. பத்து ஆம்பியரை இரண்டு ஜோடி பகிர்ந்துகொள்ளும்போது ஒவ்வொன்றும் ஐந்துதான் தருகிறது. மெதுவாக வடித்தால் அதிகம் தரும் என்று மேலே சொன்னேன் அல்லவா? அதனால் பேட்டரி இரண்டு மடங்கானால் தூரம் இரண்டு மடங்குக்குக் கொஞ்சம் மேலேயே போகிறது. எங்கள் கணக்கில் நாற்பது கிலோமீட்டர் வந்தது. அவன் ஓடுவது பதினான்கு. மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகம் வடித்துவிட்டுச் சார்ஜுக்குப் போடுகிறான். பேட்டரி நெடுநாள் உழைக்கும். "சார்ஜ் ஏற இரண்டு மடங்கு நேரம் ஆகுமே" என்று பயந்தான். ஆகாது. தினமும் ஓடும் தூரம் அதேதான். திருப்பிப் போட வேண்டிய மின்சாரமும் அதேதான். முழுசாகத் தீர்த்த நாளில் மட்டும்தான் நேரம் கூடும்.

"லித்தியம் போட்டால் என்ன?" என்று பலர் கேட்பார்கள். போடலாம், நல்லது. எடை குறைவு, சொன்ன அளவில் பெரும்பகுதியைத் தரும். லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை மற்ற லித்தியம் வகைகளைவிடச் சூட்டைத் தாங்கும். ஆனால் ஈயத்தோடு லித்தியத்தைப் பக்கத்தில் கட்டவே கூடாது. சார்ஜரும் அதற்குரியதாக இருக்க வேண்டும். உள்ளே செல்களைக் கண்காணிக்கும் பிஎம்எஸ் பலகை இல்லாத பெட்டியைத் தொடவே தொடாதீர்கள். 2022 மார்ச்சில் வேலூரில் வீட்டில் சார்ஜ் போட்டிருந்த மின் ஸ்கூட்டர் தீப்பிடித்து, தந்தையும் மகளும் மூச்சுத்திணறி இறந்தது நினைவிருக்கும். அப்படிப்பட்ட விபத்துகளுக்குப் பிறகுதான் மத்திய அரசு மின் வாகன பேட்டரிக்கான ஏஐஎஸ் 156 தரத்தைக் கடுமையாக்கி, 2022 டிசம்பரிலிருந்து கட்டங்கட்டமாக நடைமுறைப்படுத்தியது. ஆனால் அந்தத் தரம் மோட்டார் வாகனங்களுக்கு. மோட்டார் வாகனம் அல்ல என்று விதி ஒதுக்கிவைத்த நம்ம ஆளின் வண்டி அதற்குள் வராது.

இதை ஒரு நிமிடம் யோசித்துப் பாருங்கள். தீப்பிடித்தால் நாம் எழுந்து ஓடுவோம். அவன் எப்படி ஓடுவான்? ஓட வேண்டிய வண்டியே தீப்பிடித்த வண்டி. பெரும்பாலும் அது அவன் கட்டிலுக்குப் பக்கத்திலேயே சார்ஜ் ஏறிக்கொண்டிருக்கும், காலையில் எழுந்ததும் அதில்தான் ஏற வேண்டும் என்பதால். எல்லாரையும்விட நல்ல பேட்டரி யாருக்குத் தேவையோ அவருக்குத்தான் தரக் கட்டுப்பாடு இல்லை. தயவு செய்து சார்ஜை ராத்திரி முழுக்கப் படுக்கையறையில் போடாதீர்கள். வெளியே போகும் வாசலை மறித்தும் போடாதீர்கள். ஈய பேட்டரியும் சார்ஜ் ஏறும்போது ஹைட்ரஜனைக் கக்கக்கூடியதுதான், காற்றோட்டம் வேண்டும்.

இனி என் கருத்து. இதுவரை சொன்னதெல்லாம் ஒரு மனிதன் தன் கைக்காசில் பத்தாயிரம் சொச்சம் செலவழித்து, வாத்தியாரையும் எலக்ட்ரீஷியனையும் பிடித்துச் செய்துகொண்டது. வாத்தியாரும் எலக்ட்ரீஷியனும் கிடைக்காதவர்கள் என்ன செய்வார்கள்?

நம் மாவட்டத்தின் படத்தைப் பாருங்கள். கும்மிடிப்பூண்டி ஒரு கோடி, திருத்தணியும் பள்ளிப்பட்டும் இன்னொரு கோடி. கும்மிடிப்பூண்டியிலிருந்து கலெக்டர் ஆபீஸ் இருக்கும் திருவள்ளூருக்கு ரயிலில் போக வேண்டும் என்றால் தெற்கே சென்னைக்குப் போய், வேறு தடத்து ரயில் பிடித்து மேற்கே வர வேண்டும். சிப்காட்டில் வேலை, சுற்றிலும் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் கிராமங்கள். இது ஒரு தெருவுக்குள் சுற்றிவரும் வாழ்க்கை அல்ல. ஆனால் வண்டி கொடுக்கும்போது நாம் பார்ப்பது ஊனத்தின் சதவீதம், வயது, வருமானம். "நீ தினமும் எவ்வளவு தூரம் போக வேண்டும்?" என்ற கேள்வி கணக்கில் வருவதில்லை. செருப்பு வாங்கினால்கூடக் கால் அளவு கேட்கிறார்கள்.

இன்னொரு ஒப்பீடு. நம் திருவள்ளூர்த் தொழிற்சாலையில்தான் சிட்ரோயன் மின் கார் தயாராகிறது. 2023-ல் விற்பனைக்கு வந்த அந்த இசி3 காரின் பேட்டரி 29.2 கிலோவாட்-மணி. சோதனையில் 320 கிலோமீட்டர் ஓடும் என்று சான்று பெற்றது. என் மாணவன் வண்டியின் பேட்டரி அதில் ஐம்பதில் ஒரு பங்கு. இரண்டாவது ஜோடி சேர்த்த பிறகும் இருபத்தைந்தில் ஒரு பங்கு. காரைக் குறை சொல்லவில்லை, நம் மாவட்டத்துக்குப் பெருமைதான். ஒரு காரின் பேட்டரியைப் பிரித்தால் ஐம்பது பேர் வேலைக்குப் போவதற்கான தூரம் கிடைக்கும் என்று மட்டும் சொல்கிறேன். இது முடியாத செலவு அல்ல, நினைக்காத செலவு.

தொழில்நுட்பமும் தூரத்தில் இல்லை. சென்னை ஐஐடியின் ஆய்வு மையத்திலிருந்து வளர்ந்த நியோமோஷன் நிறுவனம் 2021-ல் நியோபோல்ட் என்ற இணைப்பைக் கொண்டுவந்தது. சக்கர நாற்காலியின் முன்னால் மாட்டினால் அதுவே வண்டியாகிவிடும். லித்தியம் பேட்டரி, ஒரு சார்ஜில் 25 கிலோமீட்டர் வரை, மணிக்கு 25 கிலோமீட்டர் வரை என்று அறிவித்தார்கள். சென்னையில் அதில் உணவு டெலிவரி செய்யும் இளைஞர்களைப் பார்த்திருப்பீர்கள். தூரம் கிடைத்தால் வேலை கிடைக்கிறது என்பதற்கு அதைவிட என்ன சாட்சி வேண்டும்?

என் கோரிக்கைகள் பெரியவை அல்ல.

ஒன்று: வண்டி கேட்கும் விண்ணப்பத்தில் ஒரு வரி சேருங்கள், தினமும் போக வேண்டிய தூரம். பதினைந்து கிலோமீட்டர் என்று எழுதுபவருக்குப் பெரிய பேட்டரியோ இரண்டாவது ஜோடியோ சேர்த்துக் கொடுங்கள்.

இரண்டு: வண்டிக்கு உதவி இருப்பதுபோல் பேட்டரி மாற்றவும் உதவி வேண்டும். ஒருமுறை வண்டி வாங்கியவர் மறுபடி வாங்கப் பல ஆண்டுகள் காத்திருக்க வேண்டும். ஈய பேட்டரி தினசரி ஓட்டத்தில் ஒன்றரை, இரண்டு வருஷம் தாங்கினால் அதிகம். மீதி வருஷமெல்லாம் அது வண்டி அல்ல, திண்ணையில் துணி காயப்போடும் நாற்காலி. நம் தெருக்களில் எத்தனை வண்டி அப்படி நிற்கிறது என்று எண்ணிப் பாருங்கள்.

மூன்று: மாற்றுத்திறனாளிகளின் வண்டிக்கு ஜிஎஸ்டி 5 சதவீதம். அதே வண்டிக்குத் தனியாகப் பேட்டரி வாங்கினால் 18 சதவீதம். கால் இல்லாதவருக்குக் காலுக்குச் சலுகை, காலில் ஓடும் ரத்தத்துக்கு முழு வரி. இதை மாற்ற வேண்டும்.

நான்கு: வண்டி செய்பவர்கள் இரண்டாவது பேட்டரிக்கான இடத்தையும் ஃபியூஸ் வைத்த இணைப்பானையும் தொழிற்சாலையிலேயே வைத்துக் கொடுக்கட்டும். கிலோமீட்டர் எழுதும்போது எத்தனை கிலோ ஆளுக்கு, ஒரு வருஷம் ஓடிய பேட்டரியில் எவ்வளவு என்றும் எழுதட்டும். மோட்டார் வாகனம் அல்ல என்றாலும் இதன் பேட்டரிக்கும் கட்டாயத் தரம் வேண்டும்.

ஐந்து: சார்ஜ் போட இடம். இந்த வண்டிக்குப் பெரிய சார்ஜிங் ஸ்டேஷன் தேவையில்லை. சார்ஜர் இழுப்பது 150 வாட்டுக்குள், இரண்டு மின்விசிறி அளவு. ஒரு சாதாரண 5 ஆம்பியர் பிளக் பாயிண்ட் போதும். ரயில் நிலையம், தாலுகா ஆபீஸ், அரசு மருத்துவமனை, கலெக்டர் ஆபீஸ், சிப்காட் கம்பெனிகளின் வாகன நிறுத்தம், எல்லா இடத்திலும் நிழலில் ஒரு பிளக். அவ்வளவுதான். வேலை பார்க்கும் எட்டு மணி நேரத்தில் வண்டி நிறைந்துவிடும். கம்பெனியில் சார்ஜ் போட அனுமதி இருந்திருந்தால் என் மாணவனுக்கு இரண்டாவது ஜோடி இவ்வளவு அவசரமாகத் தேவைப்பட்டிருக்காது.

இது தர்மம் கேட்பது அல்ல. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 41-ஆம் பிரிவில், தனிநபர் நடமாட்டத்தைக் கட்டுப்படியாகும் செலவில் ஊக்குவிக்கத் திட்டங்கள் வேண்டும் என்கிறது. வாகனங்களை மாற்றியமைப்பதையும் அதில் சேர்த்தே சொல்கிறது. ஒவ்வொரு நிறுவனமும் சமவாய்ப்புக் கொள்கை வெளியிட வேண்டும் என்கிறது 21-ஆம் பிரிவு. 20 அல்லது அதற்கு மேல் ஆட்கள் வேலை செய்யும் தனியார் நிறுவனத்துக்கும் அது பொருந்தும். சிப்காட் கம்பெனிகளின் மனிதவள அதிகாரிகளில் என் மாணவர்கள் சிலர் இருக்கிறீர்கள். உங்கள் கொள்கையில் பிளக் பாயிண்ட் பற்றி ஒரு வரி இருக்கிறதா என்று நாளைக்குப் பார்த்துச் சொல்லுங்கள்.

"கொடுத்ததே பெரிது, இதில் இன்னும் கேட்கிறார்களா?" என்ற குரலும் வரும். அந்தக் குரல் எனக்குப் பழக்கம், அன்றைக்கு மழையில் என் வாயிலிருந்தே வந்தது. நமக்கெல்லாம் எவ்வளவு தூரம் போதும் என்று யாரும் நிர்ணயித்ததில்லை. பெட்ரோல் தீர்ந்தால் அடுத்த பங்க். நடக்க முடியாதவருக்கு மட்டும் தூரத்தை நாம் அளந்து கொடுக்கிறோம். அதற்கு மேல் கேட்டால் ஆசை என்கிறோம்.

இன்னொரு சின்ன விஷயம். மாற்றிய பழைய பேட்டரியை வீட்டில் உடைக்காதீர்கள், தெருவில் கொட்டாதீர்கள். ஈயம் குழந்தைகளின் மூளைக்கு விஷம். கடையில் கொடுத்தால் விலையில் கழித்துக்கொள்வார்கள். திரும்பப் பெற ஏற்பாடு செய்வது தயாரிப்பாளர்களின் பொறுப்பு என்று 2022-ஆம் ஆண்டின் பேட்டரிக் கழிவு விதிகளும் சொல்கின்றன.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வாசலில் ஹாரன் சத்தம். போய்ப் பார்த்தால் அவன். தனியாகப் பொன்னேரிவரை வந்திருக்கிறான். போக வர முப்பது கிலோமீட்டருக்குக் கொஞ்சம் குறைவு. பள்ளிக்கூடம் முடித்து இத்தனை வருஷத்தில் யாரையும் துணைக்கு எதிர்பார்க்காமல் என் வீட்டுக்கு வந்தது இதுதான் முதல்முறை. "என்னப்பா விஷயம்?" என்றேன். "ஒண்ணுமில்லை சார், சும்மா பார்த்துட்டுப் போகலாம்னு" என்றான். காபி குடித்தான். ஒரு மணி நேரம் பேசிக்கொண்டிருந்தான். சார்ஜ் போடுகிறாயா என்று கேட்டேன். "வேணாம் சார், இருக்கு" என்றான்.

உங்கள் ஊரில் பேட்டரி வண்டி ஓட்டுபவர்கள் இருந்தால், ஒரு சார்ஜில் உண்மையில் எத்தனை கிலோமீட்டர் ஓடுகிறது, பேட்டரி வாங்கி எத்தனை மாதம் ஆனது, சார்ஜ் போட எங்கே இடம் கிடைக்கிறது என்ற மூன்றையும் கேட்டுக் கீழே எழுதுங்கள். கும்மிடிப்பூண்டி, பொன்னேரி, ஊத்துக்கோட்டை, திருவள்ளூர், திருத்தணிப் பக்கம் இருப்பவர்கள் அவசியம் எழுதுங்கள். திரட்டி எடுத்துக்கொண்டு ஒரு திங்கட்கிழமை மக்கள் குறைதீர்க்கும் நாளில் மனுவாகக் கொடுக்கப்போகிறேன். அவனும் வருகிறேன் என்று சொல்லியிருக்கிறான். கணக்கில் பிழை இருந்தால் தாராளமாகத் திருத்துங்கள், சிவப்பு மை உங்கள் கையில்.